அங்கே மணி என்ன?

வாட்ச் இரண்டு வகைப்படும். ஒன்று, மாமனார் போட்டது. இன்னொன்று, நாமே வாங்கிக் கட்டிக்கொண்டது. முதல் வகை ஓடாவிட்டாலும் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவது, சரியாக ஓடினாலும் யாரும் மதிக்க மாட்டார்கள்.

இப்படி ஆரம்பித்து ஒரு ஜாலி கட்டுரை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால், எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக நடந்த வாட்ச் தகராறில் மாமனாருக்குப் பங்கே இல்லை. (அவர் இந்தப் பக்கத்தை முதல் ஆளாகப் படித்துவிடுவார். அதற்காகவும் சொல்கிறேன்.) தகராறு எனக்கும் அப்பாவுக்கும்.

அப்பா ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 'கம்பவுண்டர் ஐயா' என்பார்கள். 1986-ல், அங்கிருந்த பெரிய டாக்டர் ரிடையராகிப் போகும்போது தன் கையிலிருந்த வாட்சைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்து, "நாடி பார்க்கத் தெரிஞ்சவன் கையில இருக்கட்டும்" என்றாராம். அன்றிலிருந்து அது அப்பாவின் இடது மணிக்கட்டில் இருக்கிறது. குளிக்கும்போது மட்டும் கழற்றுவார். அப்போதும் அலமாரியில், துண்டு விரித்து அதன் மேல்தான்.

ஸ்விஸ் வாட்ச். டயலில் கம்பெனி பெயர் பாதி அழிந்துவிட்டது. 'குரோனோகிராஃப்' என்பார்கள் இந்த ரகத்தை. சாவி கொடுக்கிற திருகுக்கு மேலே ஒரு பித்தான், கீழே ஒரு பித்தான். மேல் பித்தானை அமுக்கினால் நடுவிலிருக்கும் நீள முள் ஓட ஆரம்பிக்கும். மறுபடி அமுக்கினால் நிற்கும். கீழ் பித்தானை அமுக்கினால் 'டக்'கென்று பன்னிரண்டுக்குத் தாவி, அட்டென்ஷனில் நிற்கும். சின்ன வயதில் அந்தத் தாவலைப் பார்ப்பதற்காகவே எனக்குப் பலமுறை காய்ச்சல் வந்திருக்கிறது.

காரணம், அது டாக்டர் வாட்ச். டயலின் விளிம்பில் ஒரு தனி அளவு பொறித்திருக்கும். நாடியைப் பிடித்துக்கொண்டு பித்தானை அமுக்க வேண்டும். முப்பது துடிப்பு எண்ணி, மறுபடி அமுக்க வேண்டும். முள் நின்ற இடத்தில் இருக்கிற எண்தான் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்ற விடை. முப்பது துடிப்புக்கு 25 விநாடி ஆனால், முள் 72-ல் நிற்கும். பெருக்கல், வகுத்தல் எல்லாம் டயலே செய்துவிடும். அப்பா அந்த எண்ணைக்கூடப் படிப்பதில்லை. முள் சாய்ந்திருக்கும் தினுசைப் பார்த்தே, "எண்பத்தி நாலு. ஒண்ணுமில்லை, நாளைக்கு ஸ்கூலுக்குப் போகலாம்" என்பார். நம் காய்ச்சல் அதோடு முடிந்தது.

'குரோனோகிராஃப்' என்றால் காலத்தை எழுதுவது என்று அர்த்தம். 1821-ல் பாரீஸ் நகரத்துக் குதிரைப் பந்தயத்தில் நிக்கோலா ரியூஸெக் என்கிற கடிகாரக்காரர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். குதிரை கோட்டைத் தாண்டும்போது பித்தானை அமுக்கினால், அது டயலில் ஒரு சொட்டு மை வைக்கும். நிஜமாகவே காலத்தை எழுதிற்று. அதனால்தான் அந்தப் பெயர். எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் எனக்கு அதன் மேல் ஒரு பாசம் உண்டு. அதுவும் என்னைப் போலவே, குதிரை ஓடி முடித்த பிறகு மை கொட்டுகிற ரகம்.

*

தகராறு ஆரம்பித்தது சிங்கப்பூரால்.

அக்காவும் மாமாவும் அங்கே ஈஷூனில் இருக்கிறார்கள். பேத்திக்குப் பிறந்தநாள், வந்தே ஆகவேண்டும் என்று டிக்கெட்டே போட்டு அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முதல் விமானப் பயணம். மகன் என்ற முறையில் நானும் ஏதாவது செய்ய வேண்டாமா? சூட்கேஸ் மாமா வாங்கித் தந்துவிட்டார். என் வருமானத்துக்கு எட்டியது ஒரு வாட்ச்.

கேசியோ. ஏஇ-1200 என்று நம்பர். பிளாஸ்டிக் உடம்பு, டிஜிட்டல். முகப்பில் ஒரு குட்டி உலக வரைபடம் இருக்கும். 48 ஊர்களின் நேரம் அதற்குள் அடக்கம். நமக்கு டெல்லி, அவர்களுக்கு சிங்கப்பூர் என்று வைத்துவிட்டால் இரண்டு ஊர் மணியும் ஒரே முகப்பில் தெரியும். ஐந்து அலாரம், ஸ்டாப் வாட்ச், லைட். பேட்டரி பத்து வருஷம் வரும் என்கிறது கம்பெனி. விலை இரண்டாயிரத்துச் சொச்சம். 1983-ல் வந்த 'ஆக்டோபஸி' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில் (நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ்கூட நடித்தாரே, அதேதான்) ரோஜர் மூர் கட்டியிருந்த ஸெய்கோ வாட்சின் சாயல் இதற்கு உண்டு என்பதால், ரசிகர்கள் இதற்கு 'கேசியோ ராயல்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் மூச்சு விடாமல் அப்பாவிடம் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வாட்சை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதுல நாடி பாக்க முடியுமா?"

"ஸ்டாப் வாட்ச் இருக்குப்பா. விநாடியில நூத்துல ஒரு பங்குகூடக் காட்டும்."

"நூத்துல ஒரு பங்கா? எந்த மனுஷனுக்குடா அப்படித் துடிக்கும்?"

அம்மா உள்ளேயிருந்து, "ஊர் நாடியெல்லாம் பாத்தாரு. கல்யாணமாகி நாப்பது வருஷத்துல என் நாடியை ஒரு தடவை பாத்திருப்பாரா கேளு" என்றாள்.

"உனக்கு என்ன, நல்லாத்தானே இருக்கே" என்றார் அப்பா, வாட்சைப் பெட்டியில் திருப்பி வைத்தபடி.

*

பி.காம். படித்தவனிடம் ஒரு கோளாறு உண்டு. எதையும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமாகப் பிரித்தால்தான் தூக்கம் வரும். இரண்டு வாட்சையும் ஒரே மேஜையில் வைத்து, செல்போன் மணியோடு சரிபார்த்து, ஒரு வாரம் கணக்கு எழுதினேன்.

அப்பாவின் வாட்ச் தினம் இருபது விநாடி முந்தியது. ஏழாம் நாள் இரண்டேகால் நிமிடத்துக்கு மேல் அதிகம். தினமும் காலை சாவி கொடுக்க வேண்டும். மறந்தால் மறுநாள் மதியத்துக்குள் படுத்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன் சர்வீஸுக்குக் கொடுத்தோம். கடைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, "சார், சாதா வாட்ச் மாதிரி இல்ல. உள்ளே இருநூத்துச் சொச்சம் பார்ட்ஸ்" என்றார். ஆறு வாரம் வைத்திருந்தார். ஆறாயிரத்து ஐந்நூறு வாங்கினார். அந்தக் காசில் கேசியோவை அண்ணன், தம்பி, சித்தப்பா மகன் என்று மூன்று பேருக்கு வாங்கித் தரலாம்.

கேசியோ? ஏழு நாளில் இரண்டு, மூன்று விநாடி வித்தியாசம். மாதத்துக்கு முப்பது விநாடிக்குள் என்பது கம்பெனி தரும் வாக்கு. அதைவிட நன்றாகவே ஓடிற்று.

இதன் ரகசியம் சுலபமானது. உள்ளே இசைக்கவை மாதிரி, ஆனால் அரிசியைவிடச் சின்னதாக, ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அதற்கு மின்சாரம் கொடுத்தால் விநாடிக்கு 32,768 தடவை அதிரும். அதென்ன கணக்கு, நம் ஊர் சிட்ஃபண்ட் பாக்கி மாதிரி? இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வருகிற எண் அது. ஆகவே அதைப் பாதி, பாதியில் பாதி என்று பதினைந்து முறை வகுத்தால் கச்சிதமாக ஒன்று மிஞ்சும். விநாடிக்கு ஒன்று. கூட்டு வட்டியைத் திருப்பிப் போட்ட மாதிரி! அப்பாவின் வாட்சில் இருக்கும் சக்கரம் விநாடிக்கு ஐந்து முறை டிக் டிக் என்கிறது. ஐந்துக்கும் முப்பத்திரண்டாயிரத்துக்கும் நடுவே போட்டி வைத்தால் யார் ஜெயிப்பார்கள்?

உலகம் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லிற்று. 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் ஸெய்கோ கம்பெனி 'ஆஸ்ட்ரான்' என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. அன்றைக்கு விலை 4,50,000 யென். ஒரு சின்னக் கார் வாங்குகிற காசு. பத்துப் பதினைந்து வருஷத்தில் அதே சரக்கு பெட்டிக்கடைக்கு வந்துவிட்டது. 1970-ல் ஸ்விட்சர்லாந்தில் வாட்ச் தொழிலில் சுமார் 90,000 பேர் இருந்தார்கள். எண்பதுகளின் நடுவில் முப்பதாயிரத்துச் சொச்சம்தான். நம் நாட்டில் 1961 முதல் சாவி கொடுக்கிற வாட்சுகளைச் செய்து வீட்டுக்கு வீடு கட்டிவிட்ட எச்.எம்.டி.யின் வாட்ச் பிரிவையும் 2016-ல் மூட முடிவு செய்தார்கள். ஓசூரில் ஆரம்பித்த டைட்டன், எண்பதுகளிலேயே குவார்ட்ஸ் பக்கம் சாய்ந்து பிழைத்துக்கொண்டது.

நியாயமாக எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். 1970 ஏப்ரலில் அப்பல்லோ-13 நிலாவுக்குப் போகிற வழியில் ஆக்ஸிஜன் டாங்க் வெடித்துவிட்டது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கம்ப்யூட்டரை அணைத்து வைத்திருந்தார்கள். பூமிக்குத் திரும்புகிற பாதையைத் திருத்த இன்ஜினைச் சரியாகப் பதினான்கு விநாடி எரிக்க வேண்டும். அந்தப் பதினான்கு விநாடியை அளந்தது விண்வெளி வீரர் ஜாக் ஸ்விகெர்ட்டின் கையில் இருந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். சாவி கொடுக்கிற குரோனோகிராஃப்தான்.

ஆனாலும் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறவருக்கு இன்ஜினைத் திருத்தி எரிக்கிற வேலை வராது இல்லையா? தீர்ப்பு: கேசியோ. பேரேட்டை அப்பாவிடம் நீட்டினேன். கடைசி வரை படித்துவிட்டு, "கணக்கு சரியா இருக்கு. ஆனா நான் இதைத்தான் கட்டிட்டுப் போவேன்" என்றார்.

*

அடுத்த சண்டை அரை மணி நேரத்துக்காக.

"சிங்கப்பூருக்கும் நமக்கும் ரெண்டு மணி நேரம். மனசுலயே கூட்டிக்குவேன். இதுக்கு ஒரு வாட்சா?"

"ரெண்டு இல்லைப்பா, ரெண்டரை."

"எங்க பெரியப்பா இருபது வருஷம் அங்க இருந்தவரு. ரெண்டு மணி நேரம்னுதான் சொல்வாரு. நீ நேத்துப் பொறந்தவன்."

போய்த் தேடிப் பார்த்தால் இரண்டு பேரும் சரி! 1981 கடைசி வரை சிங்கப்பூருக்கும் நமக்கும் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் என்று முடிவெடுக்க, பக்கத்து வீட்டோடு ஒத்துப்போக சிங்கப்பூரும் 1982 புத்தாண்டு பிறக்கும்போது கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிக்கொண்டது. பெரியப்பா 1979-லேயே திரும்பி வந்துவிட்டார். அவர் கொண்டுவந்த டிரான்சிஸ்டர், டார்ச், கோடாலித் தைலம் எல்லாம் தீர்ந்துபோயும் அந்த இரண்டு மணி நேரம் மட்டும் அப்பாவிடம் தங்கிவிட்டது.

சிரிக்காதீர்கள். நம் நாட்டுக்குள்ளேயே இந்தக் கூத்து நடந்திருக்கிறது. பம்பாய்க்கு ஒரு மணி, கல்கத்தாவுக்கு ஒரு மணி, மெட்ராஸுக்கு ஒரு மணி. ரயில்கள் மட்டும் நாடு முழுக்க மெட்ராஸ் நேரத்தில் ஓடின. நுங்கம்பாக்கத்து வானாய்வுக் கூடம் சொன்னதுதான் ரயிலுக்கு வேதவாக்கு. 1906 ஜனவரி ஒன்று முதல்தான் இந்தியாவுக்கு என்று ஒரு பொது நேரம் வந்தது. அப்போது மெட்ராஸ்காரர்கள் கடிகாரத்தைச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அந்த ஒன்பது நிமிடத்தை எத்தனை அப்பாக்கள் ஒத்துக்கொள்ளாமல் இருந்தார்களோ!

இதையெல்லாம் சொன்னேன். "அப்ப நானும் சரிதானே?" என்று அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டார்.

ஆக, கேசியோ என் கைக்கு வந்தது. ஒரு ஊருக்கும் போகாதவன் கையில் பயண வாட்ச்.

*

திருச்சி விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டு வந்த நாலாம் நாளே எனக்கு ஒன்று புரிந்தது. பயணம் போகிறவருக்கு ஒரு மணி போதும். போன ஊர் மணி. இரண்டு மணியும் வேண்டியிருப்பது வீட்டில் இருப்பவனுக்குத்தான். காபி குடிக்கும்போது கேசியோவைப் பார்ப்பேன். இங்கே ஆறரை, அங்கே ஒன்பது, சாப்பிட்டிருப்பார்கள். ராத்திரி எட்டுக்குப் போனை எடுப்பேன். அங்கே பத்தரை, தூங்கியிருப்பார்கள், வேண்டாம். 'இப்போ மணி என்ன?' என்று கேட்பதற்கு எந்த வாட்சும் போதும். 'அங்கே மணி என்ன?' என்று கேட்கத்தான் இந்த வாட்ச்.

அப்பாவோ மூன்றாவது கேள்வி ஒன்றை வைத்துக்கொண்டு சிங்கப்பூரைச் சுற்றிக்கொண்டிருந்தார். 'எவ்வளவு நேரம் ஆச்சு?' தினமும் போனில் அறிக்கை வரும்.

"பிளேன் ஓட ஆரம்பிச்சதுலேருந்து தரையை விட்டு எழும்ப முப்பத்தி நாலு செகண்ட்டா."

"அக்கா வீட்டு லிஃப்ட், பன்னெண்டாவது மாடிக்கு இருபத்தி மூணு செகண்ட்."

"ரயில் கதவு தொறந்து மூட இருபத்தெட்டு. உங்க அம்மா ஏற இருபத்தாறு."

ஆனால், வாட்சை சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றவே இல்லையாம். அக்கா கெஞ்சியிருக்கிறாள். "ஊர் நேரம் ஓடட்டும் பாப்பா. கூட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாராம்.

ஒன்பதாம் நாள் ராத்திரி போன் அடித்தது. எடுப்பதற்கு முன் கை தானாகக் கேசியோ விளக்கை அமுக்கிற்று. இங்கே 12.55. அங்கே 3.25.

விடிகாலை மூன்று இருபத்தைந்துக்கு அக்கா எதற்குக் கூப்பிடுவாள்? அந்த வாட்சை நான் வாங்கியிருக்கவே கூடாது என்று அந்த நிமிடம் தோன்றியது. ஒரே ஒரு மணி தெரிந்திருந்தால், 'அக்கா தூக்கம் வராமல் பேசுகிறாள்' என்று எடுத்திருப்பேன்.

"பயப்படாதே. ஆஸ்பத்திரில இருக்கோம்" என்றாள்.

நடந்தது இது. அப்பா பாத்ரூம் போய்விட்டு வந்து படுத்திருக்கிறார். நெஞ்சுக்குள் ஏதோ தடதடவென்று ஓடியிருக்கிறது. வலி இல்லை. வியர்வை இல்லை. வேறு யாராவது இருந்தால், நேற்று ராத்திரி சாப்பிட்ட பரோட்டா என்று புரண்டு படுத்திருப்பார்கள். இவர் எழுந்து ஹால் விளக்கைப் போட்டு, சோபாவில் உட்கார்ந்து, தன் நாடியைத் தானே பிடித்து, பித்தானை அமுக்கியிருக்கிறார். முப்பது துடிப்பு. முள் 128-ல் நின்றது. கீழ் பித்தான், மறுபடி முப்பது. 104. மறுபடி. 140.

ஒரே மனுஷனுக்கு ஒரே நிமிடத்தில் மூன்று கணக்கு. முப்பது வருஷம் ஊர் நாடி பார்த்தவருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வேகமாக ஓடுவது ஒன்று, தாளம் தப்பி ஓடுவது இன்னொன்று. அறைக் கதவைத் தட்டி, "பாப்பா, பதறாதே. நாடி ஒழுங்கா இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகணும். உங்க அம்மாவை எழுப்பாதே, அவ நாடியும் கெட்டுடும்" என்றாராம்.

அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எப்போது ஆரம்பித்தது?" இந்த மாதிரித் தாளம் தப்பலில் அது ரொம்ப முக்கியமான கேள்வியாம். ஆரம்பித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைப் பொறுத்து வைத்தியமே மாறும்.

"பன்னெண்டு அஞ்சுக்கு" என்றார் அப்பா, வாட்சைப் பார்த்து.

டாக்டர் எழுதிக்கொள்ளப் போக, அக்கா குறுக்கே பாய்ந்து, "இந்திய நேரம் சொல்றார் டாக்டர். இங்கே ரெண்டு முப்பத்தஞ்சு" என்றாள்.

"ரெண்டு அஞ்சு" என்றார் அப்பா.

"ரெண்டரை மணி வித்தியாசம்ப்பா!"

"பெரியப்பா..." என்று ஆரம்பித்தாராம். ஈ.ஸி.ஜி. ஒயர்களை மாட்டிக்கொண்டே நர்ஸ் சிரித்துவிட்டதாம்.

(பேரேட்டில் இந்த இடத்தில் கேசியோவுக்கு ஒரு வரவு எழுதிக்கொண்டேன். அது கையில் இருந்திருந்தால் கூட்டலும் வேண்டாம், பெரியப்பாவும் வேண்டாம்.)

'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று பெயர் சொன்னார்கள். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே படபடப்பது. அதனால் அங்கே ரத்தம் தேங்கி, கட்டி சேர்ந்து, மூளைக்குப் போனால் பக்கவாதம். பலருக்கு அப்படி வந்த பிறகுதான் இதயத்தில் கோளாறு இருந்ததே தெரிகிறதாம். அப்பாவுக்கு மருந்திலேயே மறுநாள் சாயங்காலம் தாளம் திரும்பிவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை; காலை ஒன்று, ராத்திரி ஒன்று. பில்லைப் பற்றி எழுதினால் என் நாடி தவறும். விடுகிறேன்.

*

இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். அடுத்த நாள் நான் தோற்றவனுக்குரிய மரியாதையோடு பேரேட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

"உங்க வாட்சுதான்ப்பா ஜெயிச்சுது."

அப்பா சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். முப்பது திருகு. எண்ணி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அதெல்லாம் இல்லடா. நீ வாங்கினதுலயும் பாத்திருக்கலாம். சுவத்துல மாட்டின கடியாரத்துலகூடப் பாக்கலாம். நாடி வாட்சுலயா இருக்கு?"

"பின்னே?"

"ஆனா அந்த நேரத்துல, அதைக் கட்டியிருந்தா பாக்கணும்னு எனக்குத் தோணியிருக்குமான்னு தெரியலை. இது கையில இருந்தா விரல் தானாப் போய்டுது."

இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? ஒரு விநாடிக்கு 32,768 என்பதற்கு எதிரே, 'விரல் தானாகப் போய்விடுகிறது' என்று எழுதினால் எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார். பேரேட்டை மூடி வைத்துவிட்டேன்.

கேசியோவைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். இந்தத் தடவை பெட்டிக்குள் வைக்கவில்லை. காலை எட்டுக்கும் ராத்திரி எட்டுக்கும் மாத்திரைக்கு அலாரம் வைத்துக் கொடுத்தேன். வலது கையில் கட்டிக்கொண்டார். இலக்கங்கள் சின்னதாக இருப்பதாகப் புகார். பித்தான்கள் குண்டூசித் தலை மாதிரி இருப்பதாகப் புகார். சரியான புகார்கள்தான், அறுபதைத் தாண்டிய கண்ணுக்கும் விரலுக்கும் அந்த வாட்சைச் செய்தவர்கள் இரக்கம் காட்டவில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் திண்ணையில் உட்கார்ந்து அதை மூக்கருகே பிடித்து, "பாப்பா மக இந்நேரம் தூங்கியிருக்கும்" என்கிறார். இப்போது வீட்டில் இருப்பவர் அவர் அல்லவா?

"ரெண்டரைதான் போலிருக்கு" என்றும் ஒரு நாள் சொன்னார். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். இடது கை வாட்சைக் கழற்றி என் கையில் கொடுத்தார். முப்பத்தைந்து வயதில் முதல் முறையாக அந்த மேல் பித்தானை நான் தொடுகிறேன்.

"எந்நேரமும் எனக்கு நானே பாத்துக்க முடியுமா? பிடி. தாளம் தப்புதான்னு பாக்கணும்னா முப்பது போதாது. முழு நிமிஷம் எண்ணணும்."

அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். காய்ச்சல் காலத்தில் அவர் என் கையைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. நான் அவர் கையைப் பிடித்ததாக ஞாபகம் இல்லை. பித்தானை அமுக்கினேன். முள் ஓடிற்று. ஒரு சுற்று வந்ததும் நிறுத்தினேன்.

"எம்பத்தி ஆறுப்பா. அங்கங்கே ஒண்ணு கூட விழுதே..." என்றேன். எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

அப்பா குனிந்து என் கையைப் பார்த்தார்.

"கட்டைவிரலை எடுடா. அதுல உன் நாடியே ஓடும். என்னையும் உன்னையும் சேத்து எண்ணிட்டிருக்கே."

ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் எடுத்து, தானே சரியான இடத்தில் வைத்துக்கொண்டார். நான் கீழ் பித்தானை அமுக்கினேன். முள் 'டக்'கென்று தாவி, அட்டென்ஷனில் நின்றது.

"ம். மறுபடி எண்ணு."